ஏவிஸுக்கு ஒரு வியாதி வேண்டும்

எங்கள் வடக்குக் கடற்கரையில் கடுமையான உறைபனி மூன்று முறையாவது விழுந்தால்தான் ஊசியிலை மரத்தில் கை வைப்பார்கள். அதற்கு முன்னால் நுனி ஒடித்தால் கிறிஸ்துமஸுக்குள் இலையெல்லாம் கொட்டி, கதவில் மாட்டுகிற அலங்கார வளையம் வெறும் கம்பியாகத் தொங்கும். அந்த வருஷம் பனி பிந்திவிட்டது. நவம்பர் பாதிக்கு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கேலன் தன் பிக்கப் வண்டியில் நுனிக்கிளைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டு பிளம்மர் துறைக்கு இறங்கி வந்தான்.

லியோட்டாவின் வீட்டுக்குப் பின்னால், அவள் அப்பா வலை போட்டுவைத்திருந்த கொட்டகையில், லியோட்டாவும் ஏவிஸும் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்று நான்கு நுனிகளைச் சேர்த்து ஒரு பிடியாக்கி, இரும்பு வளையத்தின்மேல் வைத்து, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். முந்தின பிடியின் காம்பை அடுத்த பிடி மறைக்க வேண்டும். சுற்றிக்கொண்டே வந்து கடைசிப் பிடியை முதல் பிடிக்கு அடியில் செருகினால் ஒரு வளையம் முடிந்தது. பிசின் விரலிலெல்லாம் கறுப்பாக ஏறிவிடும். சோப்புக்குப் போகாது. பன்றிக்கொழுப்பைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கொட்டகைக்குள் நுழைந்தால் பிசின் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் ஒன்றாக அடிக்கும்.

லியோட்டாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பது வருஷம் ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யார் வாங்கிய கடிதத்தை வாசலிலேயே பிரிக்கிறார்கள், யார் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகியதில், எதையும் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அவளால் விட முடியாது. ஏவிஸ் அவளுடைய தம்பி பெண்டாட்டி. மத்தி மீன் ஆலையில் கத்திரிக்கோல் பிடித்து, தலையும் வாலும் நறுக்கித் தகரத்தில் அடுக்கியவள். ஆலை மூடியதும் கடல் வற்றும் நேரத்தில் மட்டி தோண்டினாள், ஆகஸ்டில் புளூபெர்ரி வாரினாள், குளிர்காலத்தில் வளையம் கட்டினாள். புருஷன் கேரல் இறந்த மறுவருஷம் வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு, இரண்டு பெட்டிகளும் ஒரு தையல் மெஷினுமாக நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "விறகு ஒரு வீட்டுக்குத்தான் இருக்கு, உள்ள வா" என்று சொன்னாள் லியோட்டா. அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

கார்டு வந்தது அதற்குப் பிறகு. முதியவர்களுக்கான ஒரு மருத்துவ இன்சூரன்ஸில் சேர்ந்தால், மாதாமாதம் சாப்பாட்டுச் சாமானுக்கென்று கொஞ்சம் பணம் கார்டில் ஏறும். மாதம் முடிந்தால் மிச்சம் போய்விடும். ஆளுக்கொரு கார்டு. மாவட்டத் தலைநகரமான கவுண்டி நகரத்துப் பெரிய கடையில்தான் செல்லும், அதுவும் உடம்புக்கு நல்லது என்று கம்பெனி நினைக்கிற சாமானுக்கு மட்டும்.

லியோட்டாவுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. பில் போடுகிற இடத்தில் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்றைப் புதிதாக வைத்துப் பார்ப்பாள். மெஷின் பூசணிக்காயை எடுத்தது, பூசணிக்காய்த் தகரத்தையும் எடுத்தது, பூசணிக்காய்ப் பணியாரத்தைத் துப்பிவிட்டது. முட்டை கார்டில் போயிற்று. முட்டைக்கோஸ் போயிற்று. கருவாடு போனபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. வெங்காயத்தை எடுக்கிற மெஷின் வெங்காயப் பொடியை ஏன் எடுக்கவில்லை என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டு, பின்னால் வரிசை நின்றதைப் பற்றிக் கவலைப்படாமல் பதிலுக்குக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மற்றவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, லியோட்டா இந்த மாதம் எது செல்லுபடியானது என்று சொல்வாள். கேட்டுக்கொள்ளப் பத்துப் பேர் இருந்தார்கள்.

ஏவிஸ் அப்படியெல்லாம் சோதித்துப் பார்க்கமாட்டாள். உருளைக்கிழங்கு, கேரட், பால், கோழி. கூடையை அவளேதான் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்குவாள். அடுக்கி முடித்துவிட்டுக் கொஞ்சநேரம் அலமாரிக் கதவைத் திறந்தபடியே நிற்பாள்.

கேலன் இறக்கிய முதல் கட்டைப் பிரித்து இருவரும் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். போன வாரமே சர்ச்சில் யாரோ, வருகிற வருஷம் கார்டு எல்லோருக்கும் இல்லையாம் என்று சொல்லியிருந்தார்கள். லியோட்டா அதைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா? கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்து, பிசின் படாத இடமாகப் பார்த்து ஜன்னல் விளிம்பில் நிறுத்தினாள். நெடுநேரம் பாட்டு ஓடியது. ஏழெட்டுப் பிடி கட்டியபிறகு டெரன்ஸ் என்று ஒருவன் வந்தான். மெதுவாக, மரியாதையாகப் பேசினான்.

"லியோட்டாம்மா, உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. உங்களுக்குத்தான் சக்கர இருக்கே."

"இருக்கு," என்றாள் லியோட்டா, காணி நிலம் இருக்கிறதா என்று கேட்டதுபோல.

"சாப்பாட்டுப் பணம் இனிமே நாள்பட்ட வியாதி உள்ளவங்களுக்கு மட்டுந்தாம்மா. டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும், ஜனவரியிலயும் உங்களுக்கு வந்துரும்."

"சரி. இங்க என் தம்பி பெண்டாட்டி இருக்கா. அவளுக்கும் பாருப்பா. ஏவிஸ், உன் பொறந்த தேதியச் சொல்லு."

ஏவிஸ் கம்பியை இழுத்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"ஏவிஸம்மா, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஏவிஸ்.

"டாக்டர்ட்டயே போனதில்ல போலருக்கு. நல்ல விஷயந்தாம்மா."

"எதுப்பா நல்ல விஷயம்?" என்றாள் லியோட்டா. "நல்லாருக்கிறவளுக்குச் சாப்பாடு இல்லைங்கற. நல்லா இருக்கணும்னா சாப்பிட வேணாமா?"

டெரன்ஸ் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டான். "சட்டம் நான் போடலம்மா."

"தெரியும். எந்தெந்த வியாதின்னு வாசி. கேப்போம்."

அவன் வாசித்தான். சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், பக்கவாதம், புற்றுநோய், ஞாபகம் போவது. ஒவ்வொன்றுக்கும் லியோட்டா ஏவிஸைப் பார்த்தாள். ஏவிஸ் வளையத்தைப் பார்த்தாள். கதவோரம் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்த கேலன் போனை நோக்கிக் குனிந்தான்.

"தம்பி, இடுப்பு அதுல இருக்கா?"

"யாரு சார் பேசுறது?"

"பக்கத்து வீடு. எனக்கு இடுப்பு போயிருச்சு. இன்னும் வயசு வரல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"இடுப்பு இல்ல சார்."

"ஊர்ல பாதிப் பேருக்கு இடுப்புத்தான். மட்டி தோண்டுனவன் எவனுக்கு இடுப்பு நிமிருது? அத விட்டுட்டு என்ன லிஸ்ட்டு போட்டிருக்கீங்க?"

போன் பேசி முடிந்து கேலனும் போன பிறகு, லியோட்டா கம்பியை அறுத்து ஒரு வளையத்தை ஆணியில் மாட்டினாள். "ஏவிஸ், உனக்கு ஒரு வியாதி வேணும்," என்றாள்.

"விடுங்க மதினி. கார்டு வர்றதுக்கு முன்னாடி சாப்பிடாமயா இருந்தோம்."

"அதுக்கில்ல. தாகம் எடுக்குதா உனக்கு? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறியா? எனக்கு சக்கர வந்தப்ப அப்பிடித்தான் இருந்துச்சு."

"இல்ல."

"ஞாபகம்? நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

"உருளைக்கெழங்கு, கருவாடு, பன்னிக்கொழுப்பு வறுத்துப் போட்டீங்க. கெழங்குல ஒண்ணு வேகல."

"ஞாபகத்துக்கு ஒரு கொறையும் இல்ல," என்றாள் லியோட்டா வருத்தத்தோடு.

ஏவிஸ் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் கட்டிய பிடிகள் வழக்கத்தைவிட நெருக்கமாக இருந்தன. லியோட்டாவுக்கு அது கண்ணில் பட்டது. மனசில் ஏதாவது இருந்தால் ஏவிஸ் கம்பியை அப்படித்தான் இறுக்குவாள்.

லியோட்டா நிறையப் பார்த்திருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாகவே ஏவிஸ் படுக்கையில் படுப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறாள். கேட்டால் தீ அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்வாள். பூட்ஸ் கயிற்றைக் கட்டாமல் உள்ளேயே செருகிவிடுகிறாள். நுனி மூட்டையை இப்போதெல்லாம் கேலன்தான் உள்ளே தூக்கி வைக்கிறான். இதையெல்லாம் தபாலாபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுபோலப் பார்த்து வைத்திருந்தாளே தவிர, கேட்கவில்லை. ஊர் முழுக்கக் கேள்வி கேட்கிறவள் தன் வீட்டுக்குள் கேட்காமல் இருந்தாள். தம்பி பெண்டாட்டி தானாக வந்து தங்கியவள். கேள்வி கேட்டு, அதுவே அவளைப் போகச் சொன்னதாக ஆகிவிட்டால்?

அடுத்த வாரம் கேலனின் நுனிகள் தீர்ந்துவிட்டன. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் சொந்தமாகக் கொஞ்சம் மரம் உண்டு. மதியச் சாப்பாடு முடித்து இருவரும் சாக்கை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து மேட்டையும் மூடியிருந்தது. கிளைகளிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. பாசியில் கால் வைத்தால் உள்ளே போனது. லியோட்டா கைத்தடியை ஊன்றி முன்னால் போனாள். பாதி மேட்டில் திரும்பிப் பார்த்தபோது ஏவிஸ் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றாள்.

"என்ன பாக்கற?"

"படகு."

லியோட்டாவும் பார்த்தாள். பத்தடிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் இறங்கி வந்து ஏவிஸின் பக்கத்தில் நின்றாள். ஏவிஸின் மூச்சு ஈர விறகு எரிகிற மாதிரி சத்தம் போட்டது.

"எந்தப் படகு ஏவிஸ்?"

ஏவிஸ் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சொல்ல மூச்சு இல்லை. லியோட்டா சாக்கைக் கீழே போட்டு, அதன்மேல் அவளை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். ஈரம் உள்ளே இறங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள் லியோட்டா.

"போன குளிருக்கு முந்தின குளிரு."

"படுத்தா முட்டுதா?"

"தண்ணிக்குள்ள படுத்த மாதிரி இருக்கும். உக்காந்தா சரியாயிரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேரலுக்கும் மொதல்ல காலுதான் வீங்குச்சு மதினி. பூட்ஸ கத்தரிச்சு எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப அங்க டாக்டரு வியாதி பேரச் சொன்னாரு. பேரு சொன்ன பெறகு அவரு ஒரு மாசங்கூட இருக்கல. அதுக்கு முன்னாடி வரைக்கும் மட்டி தோண்டிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"பேரு சொன்னதாலயா செத்தான்?"

"அப்பிடி இல்லன்னு தெரியும். இருந்தாலும் சொல்லாம இருந்தா இன்னுங்கொஞ்ச நாளு போகும்னு தோணுச்சு."

லியோட்டா ஒரு நுனியை ஒடித்து விரலில் உருட்டினாள். அது இப்போது நன்றாகப் பதமாகியிருந்தது, படக்கென்று ஒடிந்தது.

"எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள். "வியாதின்னா கார்டு வரும். இல்லைன்னா சந்தோஷம். ரெண்டுல எதுன்னு தெரியாம எனக்குச் சாப்பாடு எறங்காது. உனக்குத் தெரிய வேணாமா?"

ஏவிஸ் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும் தெரியணுந்தான்," என்றாள் கடைசியில். "உள்ள என்னதான் பண்ணுதுன்னு."

ஊர் கிளினிக்கில் ரெனே என்ற நர்ஸ்தான் டாக்டர் வேலையும் பார்த்தாள். அவளுடைய அம்மா ஏவிஸோடு ஆலையில் ஒரே மேசையில் மீன் நறுக்கியவள். லியோட்டா கூடவே உள்ளே வந்தாள். வெளியே இருக்கச் சொன்னபோது, தனக்குக் காது மந்தம் என்பதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ரெனே முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் குழியாகவே இருந்தது.

"குழி அப்பிடியே நிக்குதே," என்று குனிந்து பார்த்தாள் லியோட்டா.

"தண்ணி சேந்திருக்கு. ஏவிஸம்மா, படுத்தா தூங்குறீங்களா, உக்காந்தா?"

"அடுப்பப் பாத்துக்கணும்ல. உக்காந்துதான்."

"எங்க வீட்டு அடுப்பு விடியுற வரைக்கும் தானா நிக்கும்," என்றாள் லியோட்டா. "எங்க அப்பா காலத்துல இருந்து நிக்குது."

ஏவிஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரெனேயிடம் திரும்பி, மூச்சு முட்டும்போது படகு பார்ப்பதுபோல் நிற்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. ரெனே எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதயத்தைப் படம் பிடிக்கக் கவுண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருட்டறையில் ஒரு பையன் ஏவிஸின் நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி, எதையோ வைத்து உருட்டினான். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று அசைந்தது. லியோட்டா எழுந்துபோய்த் திரைக்கு மூக்கை ஒட்டி நின்றாள்.

"அதா?"

"அதுதாம்மா."

"ஏவிஸ், இங்க பாரு. மட்டி வாயைத் தெறந்து தெறந்து மூடுற மாதிரி இருக்கு."

ஏவிஸ் கழுத்தைத் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் வாழ்நாளில் எத்தனை மட்டியைச் சேற்றிலிருந்து எடுத்திருப்பாள், எத்தனை மீனின் வயிற்றை நறுக்கியிருப்பாள். தன் உள்ளே இருப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"என்னோடதா?" என்று கேட்டாள். "மெதுவா மூடுதே தம்பி. சோம்பேறி மட்டி மாதிரி."

பையன் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றான். ஆனால் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இதயம் பலவீனமாக அடிக்கிறது, முழுசாகப் பிழியவில்லை, அதனால்தான் தண்ணீர் தேங்குகிறது என்று, படம் வந்த பிறகு கிளினிக்கில் ரெனே விளக்கினாள். மூன்று விதமான மாத்திரை. ஒன்று நீர் பிரிய. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். உப்பு கூடாது. கருவாடு கூடாது, பன்றி உப்புக்கண்டம் கூடவே கூடாது. ஏவிஸ் கேட்கும் முன்னாலேயே சொன்னாள்: "கேரல் மாமாவுக்குப் பாத்தப்ப ரொம்ப முத்திப்போச்சு. உங்களுக்கு அந்த அளவு இல்ல." பிறகு கார்டுக்கான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஏவிஸுக்கு வியாதி கிடைத்துவிட்டது.

கவுண்டி நகரத்தில் மாத்திரை வாங்கித் திரும்பி வருகையில் லியோட்டாதான் வண்டி ஓட்டினாள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ரோட்டின் நடுவாக, யாரையும் முந்தவிடாமல் ஓட்டுவாள். புளூபெர்ரிக் காடுகள் இரண்டு பக்கமும் செக்கச்சிவந்து கிடந்தன. முதல் பனித்தூவல் கண்ணாடியில் விழுந்து கரைந்தது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல," என்றாள் லியோட்டா.

"சொன்னா?"

"சொன்னா என்ன? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். ரெண்டு குளிரு நாற்காலியில உக்காந்து கெடந்திருக்க."

"உங்க வீடு மதினி அது. நான் வந்து ஒண்டுனவ. மொதல் வருஷம் நான் எவ்வளவு சாப்பிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு ரொட்டித் துண்டு எடுக்கணும்னா நீங்க எந்திரிச்சுப் போற வரைக்கும் இருப்பேன். கார்டு வந்த பெறகுதான் அலமாரியத் தெறந்து இது நான் கொண்டுவந்ததுன்னு கைநீட்டி எடுத்தேன். இதுல சீக்காளியாவும் ஆயிட்டா, உங்களுக்கு நான் யாரு? உங்க தம்பி இருந்தாலாவது ஒரு இது."

லியோட்டா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்துபோனது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கோவத்துல ஓட்டக் கூடாதுன்னு நிறுத்துறேன்," என்றாள். கண்ணாடித் துடைப்பானை நிறுத்திவிட்டு ஏவிஸ் பக்கம் திரும்பினாள். "நீ வர்றதுக்கு முன்னாடி என் வீடு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? தபாலாபீஸும் போயிருச்சு. ஜன்னல்ல உக்காந்து எந்த வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். பாத்து? யார்ட்ட சொல்ல? ரேடியோவுல ஒருத்தன் ஜோக்கு சொல்வான், நான் அந்த ரேடியோவையே திரும்பிப் பாப்பேன், அதுவும் சிரிக்குதான்னு."

ஏவிஸ் மடியில் இருந்த மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரொட்டி எடுக்க நான் எந்திரிச்சுப் போற வரைக்கும் இருந்தேங்கற," என்றாள் லியோட்டா. "நான் என்னடான்னா, இவ என்ன கோழி மாதிரி கொறிக்கிறாளே, என் சமையல் பிடிக்கலயோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு கெழவிங்களுக்கும் வாய் இருந்து என்ன பிரயோசனம்?"

"உங்க வாய ஊரே கேக்குது மதினி."

"ஊருக்குக் கேக்குது," என்று சொல்லி, லியோட்டா வண்டியை எடுத்தாள்.

டிசம்பரில் கேலன் கடைசி வளையங்களை ஏற்றிக்கொண்டு போனான். பனி வேலிக்கம்பு உயரத்துக்கு விழுந்தது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்தது. ஏவிஸ் காலையெல்லாம் எழுந்து எழுந்து போனாள். லியோட்டா அவளுடைய எடையைத் தினமும் கூடவே நின்று பார்த்து, "இன்னிக்கு ஒரு உருளைக்கெழங்கு அளவு கொறஞ்சிருக்கு" என்று அறிவிப்பாள். கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஒருநாள் மதியம் ஏவிஸ் உள்ளே போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். மறுநாளும் படுத்தாள்.

ஆனால் அவளுக்கு வேறு ஒரு பயம் வந்துவிட்டது. ஜனவரியில் ரெனேயைப் பார்க்கப் போனபோது அது தெரிந்தது.

"எப்பிடி இருக்கீங்க?"

"அப்பிடியேதான்," என்றாள் ஏவிஸ்.

"மூச்சு?"

"அது இருக்கு. வாங்கத்தான் செய்யுது."

லியோட்டா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "பொய் சொல்றா. முந்தாநாளு பனியில மேட்டுக்கு ஏறி விறகு இழுத்துட்டு வந்தா. ஒரு எடத்துலயும் நிக்கல. நான்தான் நின்னேன்."

ஏவிஸின் முகம் சிவந்துபோனது. ரெனே இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மதினி, சும்மா இருங்களேன்," என்றாள் ஏவிஸ். பிறகு மெதுவாக: "சரியாயிருச்சுன்னு எழுதுனா கார்ட நிறுத்திருவாங்கல்ல?"

ரெனே சிரிக்கவில்லை. கிட்டே வந்து உட்கார்ந்து, மாத்திரையால் நன்றாக இருப்பது வேறு, வியாதி போவது வேறு என்று சொன்னாள். இது போகிற வியாதி இல்லை. மேடு ஏறலாம், படுத்துத் தூங்கலாம், அப்போதும் பெயர் அங்கேயே இருக்கும். "நல்லா இருக்கேன்னு தாராளமாச் சொல்லலாம்."

"போவாதா?" என்று மறுபடியும் கேட்டாள் ஏவிஸ்.

"போவாது."

"சரி," என்றாள். அந்தச் செய்தியைக் கேட்டு நிம்மதியடைந்த ஒருத்தியை ரெனே அதுவரை பார்த்திருக்கமாட்டாள்.

அன்றைக்கே கடைக்குப் போனார்கள். இரண்டு கார்டிலும் பணம் ஏறியிருந்தது. பில் போடும் இடத்தில் இத்தனை காலமும் அவரவர் சாமானை அவரவர் தனியாக வைப்பதுதான் வழக்கம். ஏவிஸ் தன் கூடையில் இருந்ததை வைத்தாள். லியோட்டாவின் கூடையில் இருந்ததையும் எடுத்து, அதே குவியலில் வைக்க ஆரம்பித்தாள்.

"தனித்தனியாவா?" என்றாள் பில் போடுகிற பெண்.

"ஒண்ணாப் போடும்மா," என்றாள் ஏவிஸ். "காலியாகுற வரைக்கும் இத இழு, பெறகு அத இழு. எது மொதல்லன்னு பாக்க வேணாம்."

லியோட்டா தன் கார்டையும் எடுத்து ஏவிஸின் கார்டின்மேல் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை என்றால் காய்ந்த பீன்ஸ் கொட்டை. வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போட்டு, விடிந்ததும் மண்பானையில் வெல்லப்பாகும் உப்புக்கண்டமும் கடுகும் போட்டு அடுப்புக்குள் தள்ளினால் சாயங்காலம் வரை கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சனிக்கிழமை லியோட்டா ஊறிய பீன்ஸை முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள். வெல்லப்பாகு அவளுக்கு ஆகாது. இத்தனை வருஷமும் ஆகாததைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரெனே இந்த முறை அதையும் விடவில்லை. உப்புக்கண்டம் ஏவிஸுக்கு ஆகாது.

"ரெண்டு பானையா வச்சிரலாமே," என்றாள் ஏவிஸ். "உங்களுக்குத் தனி, எனக்குத் தனி."

"ரெண்டு பானைக்கு எனக்கு அடுப்பு இல்ல." லியோட்டா அலமாரியைத் திறந்தாள். "உனக்கும் ஆகணும், எனக்கும் ஆகணும். என்ன இருக்கு பாப்போம். வெங்காயம். மெளகு. கடுகுப் பொடி. ஆப்பிள் ஒண்ணு நறுக்கிப் போட்டா?"

"பீன்ஸ்ல ஆப்பிளா?"

"போட்டுப் பாக்காம எப்பிடித் தெரியும்?"

போட்டார்கள். நாள் முழுக்கப் பானை உள்ளே முனகிக்கொண்டிருந்தது. வெளியே வடக்குக் காற்று பனியைச் சுவரில் அள்ளி அடித்தது. இரண்டு பேரும் மாறிமாறி மூடியைத் திறந்து பார்த்தார்கள். பானை வழக்கம்போல் கறுக்கவில்லை. வெளிறி, கஞ்சி மாதிரி இருந்தது. அடிக்கடி திறந்ததில் வேகவும் நேரமானது.

பழைய வாசனை ஒன்றும் இல்லாத அந்த ஆவியில் ஏவிஸ் முகத்தைக் காட்டி ஒரு கரண்டி எடுத்தாள். ஊதினாள். வாயில் போட்டு மென்றாள். லியோட்டா அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி இருக்கு?"

ஏவிஸ் இன்னொரு கரண்டி எடுத்து மென்றாள்.

"எழுவத்தாறு வருஷமா பாகையும் பன்னியையும் தின்னுருக்கேன் போல," என்றாள். "பீன்ஸ் இப்பிடித்தான் இருக்குமா மதினி?"

"நல்லாருக்கா, நல்லா இல்லையா?"

"தெரியலையே. நீங்களும் தின்னு பாருங்க."

லியோட்டா தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.